ஓலை வாசித்து முடியும்வரை

ஜனவரி 19, வெள்ளி

சிஸ்டர் பசிலியா இந்த டைரியைக் கொடுத்தார். போன வருஷத்து டைரி, நகைக்கடை விளம்பரம் போட்டது. கிழமையெல்லாம் ஒன்று தள்ளி நிற்கிறது, அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன். கல்யாணம் முடியும்வரை தினமும் இரண்டு வரியாவது எழுத வேண்டுமாம். "மனசுல உள்ளத எழுதணும் மக்ளே" என்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எல்லோரும் அவருக்கு மக்ளேதான். என் மனசில் இன்றைக்கு இருப்பது வலது தோள் வலி. காலையில் காசிமேட்டில் ஒரு கூடை சங்கரா மீன் ஆய்ந்து முடிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது.

எதற்குக் கல்யாணம் என்று எழுதிவைக்கிறேன். எனக்கும் லாசருக்கும் பதினாலு வருஷக் குடித்தனம். மகள் அனிட்டா எட்டாவது படிக்கிறாள். ஆனால் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. கோயிலிலும் ஆகவில்லை, வேறெங்கும் ஆகவில்லை. எங்கள் தெருவுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் பங்குக் கோயிலிலிருந்துதான் வருகிறது. பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷனும் அங்கேதான். போன வருஷம் சிஸ்டர்கள் வீடு வீடாக வந்து விசாரித்தபோது எங்களைப் போல ஒன்பது ஜோடி அகப்பட்டோம். ஃபாதர் ஒரே நாளில் எல்லோருக்கும் கோயிலில் கல்யாணம் மந்திரித்துவிடலாம் என்று முடிவு செய்தார். சேலை, வேட்டி, தாலி, பிரியாணி எல்லாம் பங்கின் செலவு. வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசி நிற்காது என்றும் சொன்னார். நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து முடியும்வரை ஆணும் பெண்ணும் பிரிந்திருக்க வேண்டும். ஆம்பிளைகள் கோயிலுக்குப் பின்னால் பழைய பள்ளிக்கூட ஹாலில் படுத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணுமாகப் பீடத்துக்கு வர வேண்டுமாம். லில்லி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். அவளும் ஒரு மணப்பெண். "பேத்திக்குக் காது குத்தியாச்சு. இப்பப் போயி கெழவனப் பிரிச்சு வெக்கிறாங்கோ" என்றாள்.

ஜனவரி 20, சனி

லாசர் போய்விட்டார். ஒரு பாய், ஒரு பை, பெயிண்ட் படிந்த வேலைச் சட்டை இரண்டு. வாசலில் நின்று, "ஃபேன மூணுக்கு மேல வெக்காத, காயில் பூடும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெயிண்டருக்கு ஃபேனைப் பற்றி என்ன தெரியும்? ஐந்தில் வைத்தேன். நல்ல காற்று.

அவரை 'அவர்' என்று எழுதும்படி சிஸ்டர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருவாமனையை விட்டு எழுந்திருக்கிறவளைக் காசிமேட்டில் பைத்தியம் என்பார்கள். எழுந்தேன். கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டு எட்டரைப் பூசைக்குப் போனேன்.

ஒன்பது ஓலையில் எங்களுடையது நாலாவது. "காலஞ்சென்ற சூசைநாதன், ஞானம்மாள் இவர்களின் மகள் சலேத்மேரி" என்று ஃபாதர் மைக்கில் வாசித்தார். அப்பா பெயரையும் என் பெயரையும் ஒரே மூச்சில் யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. சாகும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. அப்பாவுக்கு இது கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அழுகை வந்தது, அழுதேன்.

இந்தத் திருமணங்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் முடித்தார். "எங்காளு கொறட்டதான் தடை, போய் சொல்லட்டா?" என்று லில்லி அக்கா என் காதைக் கடித்தாள்.

பிறகு நற்கருணை. எல்லோரும் வரிசையில் போக, நான் காலை மடக்கி வழி விட்டேன். பதினாலு வருஷமாக இப்படித்தான் மடக்குகிறேன். கோயிலில் மந்திரிக்காமல் குடித்தனம் நடத்துகிறவளுக்கு நற்கருணை கிடையாது. அனிட்டா முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். மற்ற அம்மாக்களெல்லாம் பிள்ளைக்குப் பின்னால் போனார்கள். எனக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டும். சேலையும் பிரியாணியும் வேண்டுமென்றுதான் பெயர் கொடுத்தேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

லாசர் ஆண்கள் பக்கம், தூண் ஓரமாக நின்றார். யாரோ தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 22, திங்கள்

சாயங்காலம் பெண்களுக்கு வகுப்பு. கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று கல்யாணமே ஆகாத சிஸ்டர் பாடம் நடத்தினார். கணவர் வேலை முடிந்து வரும்போது முதலில் என்ன கேட்பீர்கள் என்றார். "துட்டு எங்க" என்றாள் லில்லி அக்கா. சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லாசருக்குச் சாப்பாடு அனுப்பலாம், நாங்கள் நேரில் கொண்டுபோகக் கூடாது. அனிட்டா டியூஷனுக்குப் போகும்போது டிபன் பாக்ஸை எடுத்துப் போகிறாள்.

ஜனவரி 23, செவ்வாய்

டிபன் பாக்ஸ் கழுவித் திரும்பி வந்தது. சாப்பிட்ட தட்டை இருந்த இடத்திலேயே விட்டு எழுந்திருக்கிற மனுஷன். மூடியைத் திறந்தேன், சோப்பு வாசனை அடித்தது. எனக்கு ஏனோ கோபம் வந்தது. அதை மறுபடியும் கழுவினேன்.

ஜனவரி 24, புதன்

ஒன்றுமில்லை. நெத்திலி நல்ல விலை. வீடு பெரிதாக இருக்கிறது. ஃபேனை மூன்றில் வைத்தேன், குளிர்கிறது.

ஜனவரி 25, வியாழன்

இன்று விசாரணை. ஒவ்வொருவராகத் தனித்தனியாக ஃபாதர் அறைக்குள் போக வேண்டும். வேதாகமத்தின் மேல் கை வைத்து உண்மை சொல்ல வேண்டும். மீன் நாற்றம் போகவில்லையே என்று எனக்குக் கவலை.

"யாருடைய கட்டாயமும் இல்லாம, முழு மனசோட லாசரை ஏத்துக்கிறீங்களா?" என்று ஃபாதர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள், "ஆமா ஃபாதர்" என்றேன். ரேஷன் கடையில் பாமாயில் வேண்டுமா என்று கேட்டால்கூட இவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஃபாதர் சிரித்தார். வெளியே வந்தால் வராந்தாவில் லாசர், அடுத்து அவர் முறை. சட்டை நன்றாக இருந்தது, யாரோ இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேசக் கூடாது என்று விதி ஒன்றுமில்லை. "சாப்ட்டியா" என்றேன். "உம்" என்றார். பக்கத்தில் வந்தபோது தின்னர் வாசனை அடித்தது. வீட்டில் இருக்கும்போது அந்த வாசனைக்காக நான் சண்டை போடுவேன். இன்றைக்குப் படியிறங்க மனசு வரவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த கையோடு சிஸ்டர் பசிலியா வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மக்ளே, பதறாதே. லாசரு யோசிக்கணும்னு சொல்லியிருக்காரு."

"இன்னாத்த யோசிக்கணும்?"

"முழு மனசான்னு ஃபாதர் கேட்டதுக்கு, இதுவர என்னை யாரும் கேட்டதில்ல ஃபாதர், யோசிச்சு சொல்றேன்னுட்டாராம். நேரம் கேட்டா குடுக்கணும் மக்ளே. கட்டாயப்படுத்தினா அது கல்யாணமே இல்ல."

அனிட்டா பக்கத்தில் நின்றாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பொறுக்கி முடித்தேன்.

ஜனவரி 27, சனி

யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் சேர்ந்தது இரண்டு நிமிஷக் கதை. எங்கள் தெரு மாதா கெபிக்கு வெள்ளையடிக்க வந்தவர் லாசர். ஒரு மாதம் ஏணியில் நின்றபடி பேசினார். நான் கீழே நின்று தண்ணீர் கொடுத்தேன். அப்பா ராயபுரத்தில் சொந்தப் படகு வைத்திருந்த ஒரு போட்டுக்காரர் மகனுக்கு என்னைப் பேசி முடித்தார். நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பையோடு லாசர் அறைக் கதவைத் தட்டினேன். திறந்தார், பார்த்தார். "உள்ள வா, செவுத்துல சாயாத, ஈரம்" என்றார். அதுதான் எங்களுக்கு ஓலை, அதுதான் மந்திரிப்பு. அன்றைக்கு யோசிக்காத ஆள், பெண் எட்டாவது படிக்கும்போது யோசிக்கிறார்.

இன்று சாப்பாடு அனுப்பவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

எட்டு ஓலைதான் வாசித்தார்கள். மூன்றாவதிலிருந்து நேராக ஐந்தாவதுக்குப் போனார் ஃபாதர். கோயிலில் இருந்த அத்தனை பேரும் எண்ணிக்கொண்டிருந்ததை நான் இன்றுதான் தெரிந்துகொண்டேன். முன் பெஞ்சிலிருந்து இரண்டு தலை திரும்பியது. நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தார்கள். காலை மடக்கினேன். இந்த முறை மடக்கும்போது முட்டி வலித்தது.

லில்லி அக்கா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வேற எவளாச்சும் இருக்காளான்னு எங்காள வுட்டு விசாரிக்கச் சொல்லிக்கிறேன்டி" என்றாள். சும்மா இரு அக்கா என்றேன். இருக்க மாட்டாள். எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

ஜனவரி 30, செவ்வாய்

லில்லி அக்கா வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியது: வேறு யாரும் இல்லை. லாசர் வேலைக்குப் போகிறார், வருகிறார், ஹாலின் பின்சுவரைச் சும்மாவே சுரண்டிப் பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். கூலி கேட்கவில்லை. யாரிடமும் பேசுவதில்லை.

வேறு ஒருத்தி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்கு வரும். சுவரைச் சுரண்டுகிறவரிடம் என்ன பேசுவது?

பிப்ரவரி 1, வியாழன்

வெறும் சோறும் ஊறுகாயும் அனுப்பினேன். அனிட்டா திரும்பி வந்து பையை வைத்தாள்.

"மீன் ஏன் இல்லன்னு கேட்டாரா?"

"இல்ல. அம்மா சாப்ட்டாளான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்டி சொன்ன?"

"நீ சாப்டலயே" என்றாள். அவளுக்கு அவர் மூஞ்சி, என் வாய்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எட்டு.

பிப்ரவரி 7, புதன்

கல்யாணச் சேலையைச் சிஸ்டர் எனக்கும் கொடுத்தனுப்பினார். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இந்தச் சனிக்கிழமையை விட்டால் அப்புறம் தவக்காலம், ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது என்றார். எனக்குத் தெரியாதா? மயில்கழுத்து நிறம், மெல்லிசாகக் கரை. உடம்பில் வைத்துப் பார்த்தேன். அனிட்டா வரும் சத்தம் கேட்டு மடித்து வைத்தேன்.

ஆசையாக இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன். இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்க ஆசையாக இருக்கிறது. அவர் இல்லாத வீட்டில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. மனசில் உள்ளதை எழுதச் சொன்னார்கள், இதுதான் உள்ளது.

பிப்ரவரி 10, சனி

எட்டு ஜோடிக்குக் கல்யாணம் நடந்தது. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். லில்லி அக்காவுக்குப் பூ வைத்துவிட ஆளில்லை என்று அவள் மருமகள் வந்து கூப்பிட்டாள், போனேன். லில்லி அக்கா வீட்டுக்காரர் மூன்று முடிச்சையும் எண்ணி எண்ணிப் போட்டார். கிழவி விக்கி விக்கி அழுதாள். பேத்தி முன்வரிசையில் கைதட்டியது.

பந்திக்கு ஆள் பற்றாமல் சிஸ்டர் என்னிடம் தயிர்ப்பச்சடி வாளியைக் கொடுத்தார். இலை வரிசைக்குப் போய் நின்றால் எனக்கு முன்னால் பிரியாணி வாளியோடு லாசர். சிஸ்டர் வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பந்தியில் பிரியாணி போகிற இடமெல்லாம் பச்சடி பின்னாலேயே போக வேண்டும். விலகவும் முடியாது, முந்தவும் முடியாது.

மூன்று இலை தாண்டினோம். நாலாவது இலையில் குனிந்தபடியே, "எளச்சிப் போய்ட்ட" என்றார்.

"நீ யோசிச்சு முடிச்சிட்டியா?"

"எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல சலேத்து. ஃபாதர் கேட்டதும் எனக்கு ஒன் ஞாபகம்தான் வந்துச்சு. நான் முழு மனசுதான். நீயா?"

"நான்தான் ஆமான்னு சொல்ட்டேனே."

"சொல்லிருப்ப. புள்ளைக்காவ சொல்லிருப்ப, கோயிலுக்காவ சொல்லிருப்ப." அடுத்த இலைக்கு நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். "அன்னிக்கு அந்த போட்டுக்காரன் வூட்டுக் கல்யாணத்துலர்ந்து தப்பிக்க வந்த. போக்கெடம் இல்லாம வந்த. நான் கதவத் தொறந்தேன். வந்தவள என்னான்னு கேக்கறது? கேட்டா போயிருவியோன்னு பயம். அப்டியே பதினாலு வருஷம் ஓடிப்போச்சு. கட்டாயம் இல்லியான்னு அவரு கேக்கும்போது, எனக்கு இல்ல ஃபாதர், அவளுக்கு இருந்துச்சோன்னு சொல்ல வாய் வரல. அதான் நேரம் கேட்டேன்."

இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பச்சடி போடும்மா" என்றார். போட்டேன். கரண்டி நிறையப் போட்டுவிட்டேன், இலையில் ஓடியது.

இத்தனை வருஷமாக இந்த மனுஷன் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார். வீட்டில் ஒரு பொருள் வாங்கினாலும் "ஒனக்குப் புடிச்சிருக்கா" என்று இரண்டு தடவை கேட்பார். நான் அதை அசட்டுத்தனம் என்று திட்டியிருக்கிறேன்.

"எடம் இருந்துச்சு" என்றேன்.

நிமிர்ந்தார்.

"எங்க சித்தி வூடு. ஒன் தெருவுக்கு முன்னாடித் தெரு. வந்துரு, உங்கப்பன நான் பாத்துக்கிறேன்னு சித்தி முந்தின நாளே சொல்லிச்சு. அன்னிக்குக் கதவத் தொறந்து வெச்சிகினு ஒக்காந்துகினு இருந்துச்சு. என்னப் பாத்துச்சு, கூப்ட்டுச்சு. நான் நிக்கல. ஒன்னாண்ட வரணும்னுதான்யா வந்தேன்."

லாசர் அப்படியே நின்றுவிட்டார். வரிசையின் கடைசியிலிருந்து, "பிரியாணி எங்கப்பா?" என்று சத்தம் வந்தது. அவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு போய் வைத்தார். வைத்த இடத்திலேயே இரண்டு தடவை வைத்தார்.

நான் இதை ஒரு தடவைகூட அவரிடம் சொன்னதில்லை. தெரியும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து லாசர் ஃபாதரிடம் போய் 'முழு மனசு' என்று சொல்லிவிட்டாராம். ஃபாதர் என்னையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். இந்த முறை நான் உடனே சொல்லவில்லை. கேள்வியை முழுசாகக் கேட்டுக்கொண்டு, அப்புறம் சொன்னேன்.

ஆனால் ஓலை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கல்யாணம் ஈஸ்டர் முடிந்து வருகிற வாரத்தில்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். நெற்றியில் சாம்பலோடு மீன் வெட்டினேன். இன்றைக்கு வாங்க ஆள் குறைவு.

ஹாலிலிருந்து மற்ற எட்டுப் பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாசர் ஒருவர்தான் அங்கே. ஈஸ்டர் வரைக்கும் உங்களைப் பிரித்து வைக்க நான் கல்நெஞ்சன் இல்லை, உங்கள் இஷ்டம் என்று ஃபாதர் சொல்லிவிட்டாராம். சாயங்காலம் லாசர் வந்தார். வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார். அவர் வீடு, அவர் வெள்ளையடித்த சுவர். உள்ளே வரவில்லை.

"வூட்டுக்கு வரட்டா சலேத்து?" என்றார்.

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெரிய மனுஷி போல, "ஈஸ்டர் கழிச்சு வா. மூணு ஓலையும் வாசிச்சு, ஊரறிய வா. நானும் மணப்பொண்ணா நிக்கணும்ல" என்றேன். அவர் சிரித்தார். சரி என்றார். "ஃபேன மூணுலயே வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். நடையில் ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாகத்தான் போனார்.

அவர் தெருமுனை திரும்பினதும்தான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. எத்தனை நாள். நாற்பதுக்கும் மேலே. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நிற்கிறேன். ஊர் அறிந்தால் என்ன, அறியாவிட்டால் என்ன. எனக்கு இப்போது வேண்டும்.

"அனிட்டா, அப்பா ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாரு. ஓடு."

"போயி இன்னான்னு சொல்றது?"

"அம்மா கூப்ட்றான்னு சொல்லு."

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். இன்னும் திரும்பவில்லை. நான் உலை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.